வழங்கி, வாயில், துறை: வலையமைப்புக் கலைச்சொற்கள் சில

புதுத்தொழில் ஒன்று ஒரு நாட்டிற் காலூன்றும்போது அதனோடு புதுச்சொற்களும் வந்து குடியேறுகின்றன. ஜொகூர் மாநிலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்த காலத்தில் பால்வெட்டு, பெரட்டு, கிராணி, கங்காணி, லயம் முதலிய சொற்கள் நம் மக்கள் நாவில் நிலைபெற்றன. அவற்றுட் சில தமிழ்ச்சொற்கள். சில பிறமொழியினின்று வந்து தமிழுருக் கொண்டவை. எவ்வாறாயினும், தொழிலைச் செய்தவர்களே சொல்லையும் வைத்துக்கொண்டமையால் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே மயக்கம் இருந்ததில்லை. பெரட்டு என்றால் யாது என்று அறியத் தோட்டத்தில் எவரும் அகராதியைப் புரட்டியதில்லை.

இன்று அதே ஜொகூரில் வேறொரு தொழில் காலூன்றியிருக்கிறது. கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கிலும், இஸ்கந்தர் புத்திரி வட்டாரத்திலும், முன்னர்ச் செம்பனை நின்ற நிலங்களில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. இட நெருக்கடியும் மின்சாரத் தேவையும் கருதிச் சிங்கப்பூர் அரசு 2019ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தமை இத்தொழில் பாலத்தைக் கடந்து நம் பக்கம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. சன்னல் இல்லாத நீண்ட கட்டடங்கள், ஓயாது இரையும் குளிரூட்டிகள், உள்ளே நிலைப்பேழைகளில் அடுக்கடுக்காகச் சர்வர்கள். நம் பள்ளியிற் படித்துச் சென்ற இளைஞர் சிலர் இக்கட்டடங்களுக்குள் வேலைக்குச் செல்வதும், இன்னும் பலர் செல்லவிருப்பதும் வெளிப்படை.

இந்நிலையில் நாலாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, “ஐயா, அண்ணன் வேலை செய்யும் இடத்தில் சர்வர் என்கிறார்களே, அஃது என்ன?” என்று கேட்டால் தமிழாசிரியர் என்ன விடை கூறுவார்? “அதை ஆங்கில ஆசிரியரிடம் கேள்” என்று அனுப்பிவிட்டால் அம்மாணவன் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்வான்: தமிழ் பாட்டுக்கும் பண்டிகைக்கும் உரியது, பிழைப்புக்கு உரியதன்று என்னும் பாடத்தை. 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது நாம் பட்ட கவலையை ஆசிரியப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்கவலைக்கு வெளியிலிருந்து வந்த காரணம் ஒன்று. நாமே உண்டாக்கும் காரணம் மற்றொன்று. நம்மிடம் உள்ள சொற்களை ஒழுங்குபடுத்தாமல் விடுவதே அது.

வலையமைப்பிற் சேர்ந்த சர்வர்களை அமைப்பதற்குரிய கலைச்சொற்கள் தமிழில் இல்லாமல் இல்லை; அளவுக்கு மிஞ்சியே இருக்கின்றன. இடர்ப்பாடு பஞ்சத்தினால் வந்ததன்று, கலப்பினால் வந்தது. ஆகவே முதலிற் பொருளை விளக்கி, பின்னர்ச் சொல்லை ஆராய்வோம்.

சர்வர் என்பது யாது?

சர்வர் என்பது ஒரு தனிவகை இயந்திரத்தின் பெயர் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அஃது ஒரு பணியின் பெயர். பிற கணினிகள் கேட்பதைத் தேடி எடுத்துக் கொடுக்கும் கணினி எதுவாயினும் அது சர்வரே. தலைமையாசிரியர் என்பது ஒரு மனிதரின் உடலமைப்பைக் குறிக்காமல் அவர் வகிக்கும் பதவியைக் குறிப்பது போன்றது இது. 1990ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் வலைச் சர்வரை இயக்கியபோது, அஃது அவருடைய மேசைமேல் இருந்த ஒரு கணினியாகவே இருந்தது. யாரும் அறியாமல் நிறுத்திவிடக்கூடாதே என்று அதன்மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒன்றை ஒட்டிவைத்தார்.

இதற்குத் தமிழில் சேவையகம், வழங்கி, பரிமாறி என்னும் மூன்று சொற்கள் வழங்குகின்றன. மூன்றும் காரணப்பெயர்களே. ஆயினும் ‘அகம்’ என்னும் ஈறு இடத்தைக் குறிப்பது. நூலகம், மருந்தகம், உணவகம் என்பவற்றைக் காண்க. சேவையகம் என்று கேட்கும் மாணவன் ஒரு கட்டடத்தையோ அறையையோ மனத்திற் கொள்வான். சர்வர்கள் வைக்கப்பட்ட அறையைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘சேவையக அறை’ என்று அகத்துக்குள் அகம் வைக்க வேண்டிவரும். பரிமாறி என்பது பந்தியை நினைவூட்டும் அழகிய சொல்; ஆனால் ‘பரிமாற்றம்’ என்பது வலையமைப்பில் வேறு பொருளில் மிகுதியாகப் பயில்கிறது. வழங்கி என்பது ‘வழங்கு’ என்னும் வினையடியோடு ‘இ’ என்னும் வினைமுதல் விகுதி சேர்ந்தது. பணியையே பெயராகக் காட்டுவதால் அது பொருளோடு பொருந்துகிறது. வழங்கியிடம் கேட்டுப் பெறும் கணினியை வாங்கி என்று சொல்வாரும் உளர். வழங்கி, வாங்கி என்னும் இணை மாணவர் நாவில் எளிதில் ஏறும்.

நம் நாட்டு மலாய்மொழி அறிஞர்கள் இப்பொருளுக்குப் ‘பெலாயான்’ என்னும் சொல்லைத் தேர்ந்தனர். உணவுக்கடையிற் பரிமாறுபவருக்கும் அதுவே சொல். டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா 1956ஆம் ஆண்டில் பாலாய் புஸ்தாக்கா என்னும் பெயரில் தோன்றியது நம் ஜொகூர் பாருவில்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வழக்கில் உள்ள எளிய சொல்லை எடுத்துப் புதுப்பொருள் ஏற்றி, பாடநூல்தோறும் அதையே கையாண்டு நிலைபெறச் செய்வதே அம்மொழியினர் கைக்கொண்ட வழி. கடவுச்சொல் என்பதற்கு அவர்கள் வழங்கும் ‘காத்தா லாலுவான்’ என்பதும் கடந்து செல்லும் சொல் என்றே பொருள்படும். இரு மொழியினரும் ஒரே கருத்தை நாடியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

நான்கு கேள்விகள்

சர்வரை அமைத்தல் என்றால் அதன் உடலைக் கட்டுதல் அன்று. அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதிவைத்தல். இதனை உள்ளமைவு என்றும் அமைவடிவம் என்றும் கூறுவர். எத்துணைப் பெரிய சர்வராயினும் அதன் உள்ளமைவு நான்கு கேள்விகளுக்கு விடை கூற வேண்டும். நீ யார்? வெளியே செல்ல வழி எது? எந்த வேலைக்கு எந்தத் துறை? யாரை உள்ளே விடுவாய்? இந்நான்கையும் நிரலே காண்போம்.

முதற் கேள்விக்கு விடை முகவரியும் பெயரும் ஆகும். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. நெடுங்காலமாக வழங்கும் முறையில் அது நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இம்முறையில் அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. உலக மக்கள் தொகையே 800 கோடியைக் கடந்துவிட்ட இக்காலத்தில் அவை போதாமையால், மிக நீண்ட முகவரிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பு உண்டாக்கப்பட்டது.

எண்ணை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆதலால் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு வேண்டும். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் அடங்கிய ஒரே பட்டியல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் வைக்கப்பட்டிருந்தது. பிறர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகவே அந்த ஒற்றைப் பேரேடு தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் பெயரேட்டைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் உரியவரிடம் ஒப்படைக்கும் முறையை வகுத்தார். இதுவே டி.என்.எஸ். எனப்படும் பெயர் முறைமை. ஒரு பெரிய தோட்டத்தில் எல்லாரையும் ஒரே கிராணியிடம் விசாரிக்காமல், எந்தப் பிரிவு என்று தலைமை அலுவலகத்திற் கேட்டு, அப்பிரிவுக் கிராணியிடம் சென்று ஆளைக் கண்டுபிடிப்பதை ஒத்தது இது. ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’, ‘.இலங்கை’ எனத் தமிழெழுத்தில் முடியும் பெயர்களும் இம்முறையில் இடம் பெற்றுள்ளன என்பதைத் தமிழாசிரியர் வகுப்பில் எடுத்துக்கூறலாம்.

இரண்டாம் கேள்விக்கு விடை நுழைவாயில். ஒரே வலையமைப்புக்குள் உள்ள கணினிகள் தமக்குள் நேரே பேசிக்கொள்ளும். வெளியே உள்ளதோடு பேச வேண்டுமாயின், செய்தியை வாயிலில் நிற்கும் கருவியிடம் ஒப்படைக்க வேண்டும். அக்கருவி பெரும்பாலும் திசைவியாக இருக்கும். திசைவி என்பது செய்தியின் மேலுறையைப் பார்த்து, இன்ன திசையில் அனுப்புக என்று முடிவு செய்வது. செய்தியும் ஒரே துண்டாகப் போவதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பொதியும் தன்மேல் முகவரியைச் சுமந்து, வேறு வேறு வழியிற் சென்றும் சேருமிடத்தில் ஒன்றுகூடும்.

மூன்றாம் கேள்விக்கு விடை துறை. ஒரே சர்வர் மடலும் கொடுக்கலாம், வலைப்பக்கமும் கொடுக்கலாம். வந்த பொதி எந்த வேலைக்குரியது என்று எவ்வாறு அறிவது? அதற்காகவே ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் வைத்தனர். 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. மடல் சர்வர்கள் தமக்குள் மடலை மாற்றிக்கொள்வது 25, பெயரேடு 53, மறைகுறி இல்லாத வலைப்பக்கம் 80, மறைகுறியிட்ட வலைப்பக்கம் 443. இதனைத் தமிழில் துறை என்று வழங்குதல் மிகப் பொருத்தம். ஆறு ஒன்றே, ஆயினும் நீராடுதுறை வேறு, வண்ணார்துறை வேறு, ஓடத்துறை வேறு. முகவரி ஆற்றைக் காட்டும். துறையெண் எப்படித்துறையில் இறங்குவது என்பதைக் காட்டும். இவ்வுவமையைச் சொன்னபின் மாணவர் இக்கருத்தை மறப்பது அரிது.

நான்காம் கேள்விக்கு விடை அரண். ஆங்கிலத்தில் இதற்குத் தீச்சுவர் என்பது பொருள். வரிசைக் கடைவீடுகளில் ஒரு வீட்டுத் தீ மறுவீட்டுக்குப் பரவாமல் இடையே எழுப்பும் சுவரிலிருந்து வந்த பெயர். மலாயில் ‘தெம்போக் அப்பி’ என்று அதனை அப்படியே பெயர்த்துக்கொண்டனர். தமிழிலும் தீச்சுவர் என்பது வழங்குகிறது. ஆனால் சுவர் எதனையும் விடாது. இதுவோ சிலரை விட்டுச் சிலரைத் தடுப்பது. இன்ன முகவரியினின்று, இன்ன துறைக்கு வருவோரை விடுக, ஏனையோரை மறுக்க என்று விதிகளை எழுதிவைத்தலே இதன் உள்ளமைவு. காவலும் வாயிலும் உடைய கோட்டைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அரண். திருக்குறளில் அப்பெயரில் ஓர் அதிகாரமே உண்டு. ஆகவே தீயரண் என்பது தீச்சுவரினும் சிறந்தது.

மயக்கம் எங்கே?

நம் இலக்கணம் திரிசொல்லை இருவகையாகப் பிரிக்கிறது. கிள்ளை, தத்தை, சுகம் என்பன கிளி என்னும் ஒரு பொருளுக்குப் பல சொற்கள். வாரணம் என்பது யானை, கோழி, சங்கு எனப் பல பொருளுக்கு ஒரு சொல். இலக்கியத்தில் இரண்டும் அழகு. கலைச்சொல்லில் முதலாவது தொல்லை; இரண்டாவது கேடு.

சேவையகம், வழங்கி, பரிமாறி என மூன்று சொல் இருப்பதால் மாணவன் சிறிது அலைவான். ஆயினும் பொருளைத் தவறவிடமாட்டான். வாயில் என்னும் ஒரு சொல்லையே வெளிவழிக் கருவிக்கும், துறையெண்ணுக்கும், பல சேவைகளைத் தொகுத்துத் தரும் வலைப்பக்கத்திற்கும் வழங்கினால் அவன் என்ன செய்வான்? ‘வாயிலை மூடு’ என்று குறிப்பில் எழுதியிருந்தால், துறை ஒன்றை மூடுவதா, வெளித்தொடர்பையே அறுப்பதா? இவ்வாறே முனையம் என்பது விசைப்பலகையும் திரையும் கொண்ட கருவிக்கும் வழங்குகிறது. துறைக்கும் சிலர் அதனை எழுதுகின்றனர். தளம் என்பது வலைத்தளத்திலும் தரவுத்தளத்திலும் இயங்குதளத்திலும் வேறு வேறு பொருள் தருகிறது. முன்னே ஓர் அடைமொழி நிற்கும்வரை இடரில்லை. தனித்து ‘தளம்’ என்று எழுதும்போதே மயக்கம் பிறக்கிறது. எனவே வெளிவழிக்கு நுழைவாயில், பணியெண்ணுக்குத் துறை, தொகுப்புப் பக்கத்திற்கு வலைவாசல் என்று வரையறுத்து, ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் புகுத்தாதிருத்தல் வேண்டும்.

மற்றொரு மயக்கம், மூலமொழிச் சொல்லின் பிறப்பை அறியாமற் பெயர்ப்பதால் வருவது. சர்வர் தன்னிடம் நிகழ்ந்தவற்றை நேரத்தோடு குறித்து வைக்கும் ஏட்டிற்கு ஆங்கிலத்தில் மரக்கட்டை என்று பொருள்படும் ‘லாக்’ என்னும் பெயர் உள்ளது. முடிச்சிட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்து, அதனை ஏட்டிற் குறித்த பழைய மாலுமிகளின் வழக்கத்திலிருந்து அது வந்தது. தமிழில் அதனைப் பதிகை என்பதே தகும். சர்வரில் யாரும் அழைக்காமலே பின்னிருந்து தொண்டு செய்யும் நிரல்களுக்கு ‘டெமன்’ என்று பெயர். 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார், இயற்பியலறிஞர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த ஓயாது உழைக்கும் சிறு பூதத்தை நினைத்து அப்பெயரை இட்டனர். இதனைப் பேய் என்று பெயர்த்தால் பிள்ளைகள் சிரிப்பர். ஏவல் என்றாலோ, ஏவிய வேலையைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்வது என்னும் பொருள் நம் நாட்டுப்புற வழக்கிலேயே கிடைக்கிறது. இஃது என் பரிந்துரையே, அறிஞர் ஆராய்க.

சொல் தவறினால் என்ன கேடு?

‘சொல் எதுவாயினும் வேலை நடந்தாற் போதாதா?’ என்று கேட்பாருக்கு ஒரு சான்று கூறுவேன். கருவியைத் தொழிற்சாலையில் செய்யும்போதே சில விடைகளை நிரப்பி அனுப்புவர். வாங்கியவர் மாற்றாதவரை அவையே நிற்கும். இவற்றை இயல்பிருப்பு என்றும் முன்னிருப்பு என்றும் தமிழில் எழுதுகின்றனர். மலாயில் இதற்கு ‘லாலாய்’, அதாவது கவனக்குறைவு, என்று பெயரிட்டனர். அச்சொல்லில் ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது: நீ கவனியாது விட்டதனால் நின்ற விடை இது என்பதே அது.

2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், வீட்டுக் காமிராக்களிலும் திசைவிகளிலும் தொழிற்சாலை வைத்த கடவுச்சொற்கள் மாற்றப்படாமல் இருந்ததைப் பயன்படுத்தி, ஏராளமான கருவிகளைத் தன் வசமாக்கியது. அதற்கு வேண்டியிருந்தவை ஏறத்தாழ 60 கடவுச்சொல் இணைகளே. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகளுட் பல டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பெயரேட்டுச் சர்வர்கள்மீது ஒருங்கே ஏவப்பட்டன. அதனால் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய பெரிய தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமற் போயின. அத்தளங்கள் பழுதுபடவில்லை, அவற்றின் முகவரியைச் சொல்ல வேண்டியவரால் சொல்ல இயலவில்லை. இயல்பு என்னும் சொல் நல்லது, சரியானது என்னும் எண்ணத்தைத் தருவது. அதனால் ‘இயல்பான கடவுச்சொல்’ என்று எழுதினால், இருப்பதே சரி என்று ஒருவன் விட்டுவிடக்கூடும். முன்னிருப்பு என்றால் தனக்கு முன்னரே வேறொருவர் வைத்தது என்பது விளங்கும். மாற்ற வேண்டும் என்னும் எண்ணமும் எழும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்பவற்றோடு காரண இடுகுறி என்னும் வகையையும் நாம் கற்பிக்கிறோம். முள் உடைமையால் முள்ளி எனப் பெயர் வந்தது. ஆயினும் முள்ளுடைய செடிகள் எல்லாம் முள்ளி ஆவதில்லை. கலைச்சொல்லின் இயல்பும் இதுவே. காரணம் நினைவுக்கு உதவும். எல்லையை வரையறை வகுக்கும். வழங்குவன எல்லாம் வழங்கி அல்ல என்பதை மாணவனுக்கு உணர்த்திவிட்டால், சொல்லிலேயே முழுப்பொருளையும் அடைக்க முயன்று நீண்ட தொடர்களை ஆக்கும் வேலை நமக்கு இராது.

சர்வரின் உள்ளமைவுக் கோப்பில் எழுதும் கட்டளைகள் ஆங்கில எழுத்தில் உள்ளன. அவற்றைத் தமிழாக்கினால் இயந்திரம் ஏற்காது. தமிழாக்க வேண்டுவதும் இல்லை. மாற்ற வேண்டுவது மாணவன் விரலால் எழுதுவதையன்று, மனத்தால் எண்ணுவதை. ‘443 துறையைத் திற, ஏனையவற்றை மூடு, பதிகையைப் பார்’ என்று தமிழில் எண்ணத் தெரிந்தவன் எம்மொழிக் கட்டளையையும் பொருளுணர்ந்து எழுதுவான். எண்ணத் தெரியாதவன் பிறர் எழுதியதைப் படியெடுப்பவனாகவே நின்றுவிடுவான்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கம் புகுந்துவிட்ட இந்நாளில், ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஏடு வைக்கலாம். அதில் பாடநூற் சொல், தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்கும் வேறு சொல், மலாய்ச்சொல், பொருள் விளக்கம் ஆகிய நான்கையும் எழுதுக. ஒலிபெயர்ந்து வந்த சர்வர் என்னும் சொல்லையும் விலக்க வேண்டா. தொழிற்களத்தில் மாணவன் செவியில் விழுவது அதுவே. பாடநூலில் ஒரு சொல் நிலைபெற்றுவிட்டால், நம் விருப்பத்திற்கு மாறாயினும் அதனையே வகுப்பில் முதன்மையாகக் கொள்க. மூன்று நல்ல சொற்களினும் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு நடுத்தரச் சொல் மாணவனுக்கு மிகுந்த பயன் தரும்.

இதற்கு இயந்திரமும் வேண்டியதில்லை. பத்து மாணவரை நிறுத்தி, ஒருவனைப் பெயரேட்டுக்காரனாகவும், ஒருவனைத் திசைவியாகவும், ஒருவனை அரண் காவலனாகவும், ஒருவனை வழங்கியாகவும் வைத்து, சீட்டுகளைப் பொதிகளாக அனுப்பச் செய்க. காவலன் கையில் விதிகளைக் கொடுக்க. பெயரேட்டுக்காரனைச் சிறிது நேரம் வெளியே அனுப்பிவிட்டு என்ன நேர்கிறது என்று பார்க்கச் சொல்க. அரைமணி நேரத்தில் அவர்கள் கற்பது பலநாள் மனப்பாடத்தினும் மேலாகும்.

‘இணையம்’ என்னும் சொல்லைத் தந்தவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி என்பர். நம் வட்டாரத்து ஆசிரியர் ஒருவர் ஆக்கிய சொல்லை இன்று உலகத் தமிழர் அனைவரும் வழங்குகின்றனர். சொல்லாக்கம் தலைநகர்க் குழுக்களுக்கே உரியது என்று நாம் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தோட்டத்துத் தொழிலாளர் தம் தொழிலுக்குத் தாமே சொல் வைத்துக்கொண்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் புதுத்தொழிலுக்குச் செல்லும்போது பொருள் தெளிந்த சொற்களைக் கையிற் கொடுத்தனுப்புவது நம் கடமை.